மலையைச் சுமக்க வேண்டாம், மூலிகையைப் பொறுக்குவோம்!

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலூகா ஊழியர்களின் வகுப்பில் "மக்கள் கதைகளும் மக்கள் வைத்தியமும்" என்ற பொருள் பற்றி ஆற்றிய உரை)



இந்த ராஜபாளையத்தில் சஞ்சீவி மலை நிற்கிறது. அதன் கதை நம் ஊர்ச் சின்னப் பையனுக்கும் தெரியும். லட்சுமணன் மூர்ச்சையாகிக் கிடக்கிறான். மூலிகை கொண்டு வர அனுமாரை அனுப்புகிறார்கள். போன இடத்தில் எது மூலிகை என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பொழுது விடிவதற்குள் திரும்பியாக வேண்டும். ஆகவே மலையையே பெயர்த்துத் தூக்கி வந்துவிட்டார். அப்படித் தூக்கிப் போகையில் விழுந்த துண்டுதான் நம் மலை என்கிறார்கள். இதே கதையைத் தங்கள் மலைக்கும் சொல்லுகிற ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் பல உண்டு.

நம் ஜனங்களின் வைத்தியமும் அந்த மலையைப் போலத்தான் இருக்கிறது. அதில் மூலிகை இருக்கிறது. கல்லும் முள்ளும் இருக்கின்றன. சிலர் மலை முழுவதையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "எல்லாம் முன்னோர் கண்ட ஞானம்" என்று கூத்தாடுகிறார்கள். வேறு சிலர், "எல்லாம் மூட நம்பிக்கை, மலையைக் கடலில் தள்ளு" என்கிறார்கள். இந்த இரண்டாவது தவறை நானே செய்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்லுகிறேன்.

அம்மன் பெயரால் வந்த கட்டுப்பாடு

நமக்கு நன்றாகத் தெரிந்த அம்மை நோயை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோவிலில் பங்குனியில் பூக்குழி இறங்குகிறார்கள். அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவே உள்ள இருக்கன்குடிக்கு ஆடிக் கடைசி வெள்ளியன்று லட்சக்கணக்கில் ஜனங்கள் திரளுகிறார்கள். அம்மை கண்டவருக்காக நேர்ந்துகொள்கிறார்கள். கண் நோய் தீர்ந்தவர்கள் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறார்கள். அம்மைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? பெரியம்மை, உயிரை விட்டு வைத்தவர்களில் பலருடைய பார்வையைப் பறித்துக்கொண்டு போயிற்று. அந்தக் காலத்துப் பயம்தான் வெள்ளிக் கண்மலரில் இன்னும் தங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அம்மை கண்ட வீட்டில் என்ன செய்கிறோம்? வாசலில் வேப்பிலை செருகுகிறோம். அயலார் உள்ளே வரக்கூடாது. வீட்டார் வெளியே போய்ப் பழகக்கூடாது. தாளிக்கிற வாசனை ஆகாது. இளநீர், மோர், கூழ் கொடுக்கிறோம். அதை நோய் என்று சொல்லுவதில்லை. "அம்மா வந்திருக்கா", "முத்துப் போட்டிருக்கு" என்கிறோம். முத்து இறங்கிய பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுகிறோம். மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளை வாசல்படி தாண்டலாம்.

இதைக் கேட்டுச் சிரிக்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். பெரியம்மை கண்ட 100 பேரில் சுமார் 30 பேரைக் கொன்றது. அது கண்டபின் குணப்படுத்துகிற மருந்து டாக்டரிடமும் இருந்ததில்லை. அந்த நிலைமையில் ஏழை என்ன செய்ய முடியும்? நோயாளியை ஒதுக்கி வைக்கலாம், ஓய்வு கொடுக்கலாம், நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளலாம். அத்தனையும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. "என் வீட்டுக்கு வராதே" என்று பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால் சண்டை வரும். அம்மன் சொன்னால் ஊரே கேட்கும். எழுத்தும் சட்டமும் எட்டாத இடத்தில் கதைதான் அந்த விதியைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியது.

நாம் மட்டுமா இப்படிச் செய்தோம்? வடநாட்டில் சீதளா தேவி. சீனத்திலும் அம்மைக்கு ஒரு பெண் தெய்வம் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் யொரூபா மக்களுக்கு ஷோபொனா. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவே அவர்கள் அஞ்சினார்கள், நாம் "அம்மா" என்று மாற்றிச் சொல்லுவதைப் போல. ஒருவரையொருவர் பார்த்திராத மக்கள் ஒரே விதமாக நினைத்திருக்கிறார்கள். காரணம் ஒரே நோய், ஒரே திகில், ஒரே கையறு நிலை.

உழைப்பாளியின் அனுபவமும் தடுப்பூசியும்

ஆனால் மக்கள் பயந்து கும்பிட்டதோடு நிற்கவில்லை. கண் திறந்து பார்த்தும் இருக்கிறார்கள். ஒரு முறை அம்மை கண்டவருக்கு மறு முறை வருவதில்லை என்று கண்டார்கள். வங்காளத்தில் டீக்காதார்கள் என்று ஒரு கூட்டத்தார், அம்மைக் கொப்புளத்தின் சீழை எடுத்து நல்ல உடம்பில் கீறி வைத்தார்கள். இலேசாக நோய் வந்து போகும். கீறுகிற போதே சீதளா தேவிக்குப் பூசையும் நடக்கும். வைத்தியமும் கதையும் ஒரே கையில் இருந்தன.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை இருந்தான். தன் நாட்டில் இப்படிக் கீறும் வழக்கம் உண்டு என்று எஜமானிடம் அவன்தான் சொன்னான். 1721-ல் அங்கே பெரியம்மை பரவிய போது அந்த முறையைச் செய்து பார்த்தார்கள். இயற்கையாக நோய் கண்டவர்களில் 100-க்குச் சுமார் 14 பேர் செத்தார்கள். கீறிக்கொண்டவர்களில் 100-க்குச் சுமார் 2 பேர்தான்.

இங்கிலாந்தில் பால் கறக்கிற பெண்கள், "எனக்கு மாட்டம்மை வந்துவிட்டது, இனிப் பெரியம்மை வராது" என்று பேசிக்கொள்வார்கள். 1774-ல் ஜெஸ்டி என்ற விவசாயி அந்தப் பேச்சை நம்பித் தன் மனைவிக்கும் இரண்டு பையன்களுக்கும் மாட்டம்மைப் பாலைக் குத்தினார். 22 வருஷம் கழித்து, 1796-ல், டாக்டர் ஜென்னர் அதை முறையாகச் சோதித்து, எழுதி, உலகத்துக்குக் கொடுத்தார். ஜென்னரின் பெருமையை நான் குறைக்கவில்லை. மலையிலிருந்து மூலிகையை அடையாளம் கண்டு எடுத்தவர் அவர். ஆனால் அந்த மூலிகை மாட்டுத் தொழுவத்தில், உழைக்கும் பெண்களின் பேச்சில் கிடந்தது.

இந்தியாவில் முதல் தடுப்பூசி 1802-ல் பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குப் போடப்பட்டது. ஜனங்கள் தயங்கினார்கள். சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் என்ற வெள்ளைக்காரர் ஒரு தந்திரம் செய்தார். தேவிக்கும் தன்வந்திரிக்கும் நடக்கும் சம்பாஷணை போல ஒரு கதையைத் தமிழில் எழுதி, மாட்டம்மைப் பால் பசு தந்த இன்னொரு வரம் என்று சொல்ல வைத்தார். கதையின் பலம் கம்பெனி அதிகாரிக்கும் தெரிந்திருந்தது. ஆனால் பொய்க் கதையால் நம்பிக்கையை வாங்குவது நம் வழி ஆகாது. மக்களுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிக்க முடியும் என்று 1958-ல் உலக சுகாதார மாநாட்டில் தீர்மானம் கொண்டு வந்தவர் சோவியத் துணை மந்திரி விக்டர் ஜ்தானவ். சோவியத் யூனியன் கோடிக்கணக்கான தடுப்பூசிகளை இலவசமாகக் கொடுத்தது. அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் ஓர் அமெரிக்க டாக்டர். இரண்டு முகாம்களும் அணுகுண்டை வைத்துக்கொண்டு முறைத்து நின்ற அதே வருஷங்களில் இந்த வேலை நடந்தது. நம் நாட்டில் 1974-ல் மட்டும் சுமார் 31,000 பேர் பெரியம்மையில் செத்தார்கள். ஊழியர்கள் வீடு வீடாகப் போய், படம் போட்ட அட்டையைக் காட்டி, "இப்படி யாருக்காவது இருக்கிறதா?" என்று தேடினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980-ல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

விதி மாறாமல் நின்றதால் போன உயிர்

இனி என் வீட்டுச் சங்கதியைச் சொல்லுகிறேன். 1988-ல் எனக்கு ஒன்பது வயது. என் தங்கைக்கு நாலு வயது. அவளுக்கு மணல்வாரி கண்டது. ஆச்சி வேப்பிலை செருகினாள், கூழ் காய்ச்சினாள், ராத்திரியெல்லாம் வேப்பங்கொத்தால் விசிறினாள். ஒரு குறையும் வைக்கவில்லை. நாலைந்து நாளில் பிள்ளைக்கு மூச்சு இளைத்தது, விலா உள்ளே இழுத்தது. அப்பா தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார். "தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டினா ஆத்தா கோபிப்பாய்யா" என்று ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டாள். ஊற்றிவிட்டுப் போனபோது நேரம் கடந்துவிட்டது.

ஆச்சியை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த விதி அவளுக்குப் பெரியம்மைக் காலத்திலிருந்து வந்தது. அன்று வாசல்படி தாண்டினால் ஊருக்கு நோய் பரவும். தாண்டிப் போனாலும் மருந்து கிடையாது. ஆகவே அன்று அது சரியான விதி. மணல்வாரி வேறு நோய். அதில் பிள்ளைகளைக் கொல்லுவது பெரும்பாலும் பின்னால் வருகிற நுரையீரல் ஜுரம். அதற்கு மருந்து உண்டு. வைட்டமின் ஏ கொடுத்தால் கண்ணும் உயிரும் தப்ப வழி உண்டு. வராமல் தடுக்க ஊசியே உண்டு. நோய் மாறிவிட்டது, மருந்து வந்துவிட்டது, கதை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அந்த இடைவெளியில்தான் என் தங்கை போனாள்.

வேப்பிலையை யாரும் பிடுங்க வேண்டாம். அதனால் கேடில்லை. இளநீரும் ஓய்வும் ஒதுக்கமும் நல்லவை. மூச்சு வாங்கினால், பிள்ளை சோர்ந்து கிடந்தால், கர்ப்பிணிக்குக் கண்டால், தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திராமல் டாக்டரிடம் போக வேண்டும். இதைத்தான் வீடு வீடாகச் சொல்ல வேண்டும்.

செத்தவன் சாட்சி சொல்ல வருவதில்லை

மந்திரம் பலிக்கிறது என்று ஜனங்கள் ஏன் நம்புகிறார்கள்? அவர்கள் முட்டாள்களா? கிடையாது. கண்ணால் பார்த்துத்தான் நம்புகிறார்கள். பெரும்பாலான பாம்புகளுக்கு விஷம் இல்லை. விஷப் பாம்பும் ஒவ்வொரு கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. ஆகவே மந்திரிக்கப் போகிற பலர் பிழைத்து வருகிறார்கள். பிழைத்தவன் காணிக்கை வைக்கிறான், ஊரெல்லாம் சொல்லுகிறான். செத்தவன் சாட்சி சொல்ல வருவதில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் சுமார் 12 லட்சம் பேர் செத்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். வயலில் வெறுங்காலோடு நடக்கிற விவசாயியும் கூலிப் பெண்ணும்தான் அதிகம்.

அக்கி கண்டால் குயவரிடம் போய்ச் செங்காவியால் எழுதிக்கொள்கிறோம். பெரும்பாலும் சில வாரத்தில் தானே ஆறிவிடும். எழுதியவர் கைராசி என்போம். கண்ணருகே வந்த அக்கி பார்வையைக் கெடுக்கும். அதற்குரிய மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும். அந்த மூன்று நாளும் எழுதுவதில் போய்விடுகிறது. பிழைத்தவரையும் எண்ண வேண்டும், போனவரையும் எண்ண வேண்டும். எதைச் செய்தவர்களில் எத்தனை பேர், செய்யாதவர்களில் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். பாஸ்டனில் 14-ஐயும் 2-ஐயும் எண்ணிய மாதிரி எண்ணிப் பார்க்கிற பழக்கம்தான் விஞ்ஞானம்.

கோவிலுக்கு ஏன் போகிறார்கள்?

இப்போது என் தவறுக்கு வருகிறேன். இருபது வருஷத்துக்கு முன் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு தெருமுனைக் கூட்டத்தில் பேசினேன். இளரத்தம். பூக்குழியையும் நேர்ச்சையையும் கேலி செய்து தீர்த்தேன். முடிந்ததும் தறியில் வேலை செய்கிற ஓர் அம்மாள் அருகே வந்தாள். "ஏய்யா தம்பி, ஆசுபத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு. போன இடத்துல ஏன் இத்தன நாளா வரலேன்னு ஏச்சு. மாரியாத்தா ஏசவா செய்றா? ராத்திரி பத்து மணிக்குப் போனாலும் வாசல்ல உக்கார விடுவாய்யா" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோழர்களே, சத்திரப்பட்டித் தறிகளில் ஓடுவது என்ன? ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணி. எங்கெங்கோ உள்ள நோயாளிகளின் புண்ணுக்குக் கட்டுத் துணி நெய்கிறவள், தன் வீட்டு நோய்க்குக் கூலியை இழந்தால்தான் டாக்டரைப் பார்க்க முடியும் என்றால், அவள் கோவில் வாசலுக்குப் போவதில் என்ன அதிசயம்? மதத்தை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்று மார்க்ஸ் சொன்னதைப் பாதி மட்டும் படித்துவிட்டு அபின் என்ற சொல்லை மாத்திரம் பிடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். நம் இயக்கத்தில் பேராசிரியர் நா. வானமாமலை இந்தத் தவறைச் செய்யவில்லை. 1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவை அமைத்து, நாட்டுப் பாடலையும் கதையையும் தேடித் தொகுத்து, அவற்றில் மக்களின் வாழ்க்கையைப் படித்தார். அந்த வழியை நாம் தொடர வேண்டும்.

கதைகள் பழைய காலத்தோடு நின்றுவிட்டன என்றும் நினைக்காதீர்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் உண்டு. 2021-ல் அதே கோவைப் பக்கம் கொரோனா தேவிக்கும் சிலை வைத்தார்கள். 2017-ல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் புரளி பரவி, படித்த பெற்றோரே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். ஆத்தா பெயரால் வந்த கதை கையில் வேப்பிலையாவது கொடுத்தது. இந்தப் புரளி அதையும் கொடுக்கவில்லை.

பஞ்சாலைக்குள்ளும் ஒரு கதை உண்டு. வெல்லம் தின்றால் நெஞ்சில் படிந்த தூசி இறங்கிவிடும் என்பது. வார லீவு முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் நெஞ்சு இறுகுகிறதா? அது பஞ்சுத் தூசி நோயின் அடையாளம். சட்டப்படி நஷ்ட ஈடு பெறத் தக்க தொழில் நோய். வெல்லத்தைத் தாராளமாகத் தின்னுங்கள். ஆனால் தூசி இழுக்கும் யந்திரத்துக்குப் பதில் ஒரு துண்டு வெல்லம் தருகிற முதலாளியிடம் ஏமாறாதீர்கள். தொழிலாளியின் கதை எப்போது முதலாளிக்கு லாபமாகிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

மூலிகை யாருக்குச் சொந்தம்?

முள்ளை ஒதுக்கினால் போதாது. மூலிகையை எடுக்கவும் தெரிய வேண்டும். சீனத்தில் 4-ஆம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் எழுதி வைத்த கைமுறைக் குறிப்பைத் தூ யூயூ என்ற அம்மையார் படித்தார். குளிர் ஜுரத்துக்கு ஒரு பூண்டைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று அதிலிருந்து ஊகித்தார். 1972-ல் மலேரியாவுக்குப் புதிய மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஏட்டில் இருந்த மற்றச் செய்திகளை எல்லாம் அவர் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. பாம்பின் போக்கை அறிந்த இருளர் மக்கள் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். அதிலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. காட்டு மக்களின் அறிவும், ஆய்வுக்கூடமும், கூட்டுறவும் சேர்ந்தால் மந்திரம் செய்ய முடியாததைச் செய்யலாம்.

மறு பக்கத்தையும் பாருங்கள். மஞ்சளைப் புண்ணில் அப்புவது நம் ஆச்சிமாருக்குத் தெரியும். 1995-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் அதற்கே பேட்டண்ட் வாங்கியது. இந்தியாவின் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களைக் காட்டி வழக்காடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. எழுதி வைத்ததால் தப்பியது. எழுதி வைக்காத அறிவு நம் மேற்கு மலையில் எவ்வளவோ இருக்கிறது. செண்பகத்தோப்புப் பளியர் மக்களுக்குத் தெரிந்த தேனும் கிழங்கும் மூலிகையும் எத்தனை! அந்த மலை 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-ல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. காட்டைக் காக்க வேண்டியதுதான். அதற்காகக் காட்டை அறிந்தவனை வெளியே நிறுத்தக்கூடாது. சிறு வன மகசூலுக்கு உரிமை தருகிற 2006-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை.

நம் கடமை

ஊழியர்களாகிய நாம் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். அம்மை கண்ட வீட்டுக்குப் போனால் வேப்பிலையை மதித்து வெளியே நின்று பேசுங்கள். அபாய அறிகுறிகளைச் சொல்லிவிட்டு வாருங்கள். பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு என்று ஒவ்வொரு கிளையும் முன்கூட்டியே அறிந்து வைத்திருக்க வேண்டும். தறித் தொழிலாளி கூலி இழக்காமல் வருவதற்குச் சாயங்கால நேரத்தில் டாக்டர் இருக்க வேண்டும் என்று கேட்டுப் போராட வேண்டும். ஆலையில் தூசிக்கு யந்திரம் கேட்க வேண்டும். வயதானவர்களின் கைமுறைகளை, சொன்னவர் பெயரோடு எழுதி வைக்க வேண்டும்.

அனுமாருக்கு அன்று அவசரம், அடையாளம் தெரியவில்லை, மலையைச் சுமந்தார். நமக்கு அடையாளம் காட்ட விஞ்ஞானம் இருக்கிறது. அதை ஆச்சி உட்கார்ந்திருக்கிற திண்ணை வரைக்கும் கொண்டு போகிறவர்கள்தான் குறைவு. அந்த வேலைக்கு நாம் புறப்படுவோம்.